கடிமாலை எப்போது குப்பைக்குப் போக வேண்டும்?

சட்டைக் காலரை மென்று மென்று ஈரத்துணியாக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கடிப்பதற்கென்றே கழுத்தில் மாட்டும் சிலிக்கோன் மாலையைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சூயி நெக்லஸ், சென்சரி நெக்லஸ் என்ற பெயர்களில் இணையக் கடைகளில் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குக் கடிமாலை என்று பெயர். மகனுக்கு 4 வயதில் வாங்கிய முதல் மாலை 11 நாள்தான் வந்தது. இப்போது அவனுக்கு 10 வயது. இந்த ஆறு வருடத்தில் வாங்கிக் கிழிந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஒரு ஷூ டப்பா நிறைந்திருக்கும்.

ஆரம்பத்தில் 'எது ரொம்ப நாள் உழைக்கும்' என்று மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி பாதிதான் சரி. செருப்பு தேய்வதுபோல இதுவும் தேயும். உழைக்கும் நாளைக் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவுதான். துண்டு வாய்க்குள் விழுவதற்கு முன்னால் நாம் கழற்றி எறிகிறோமா என்பதுதான் பெரிய விஷயம். அதற்கு வீட்டில் ஒரு பழக்கம் வேண்டும். எறிந்த அன்றே மாட்டிவிட இன்னொரு மாலையும் கையில் இருக்க வேண்டும்.

வாங்கும் முன்

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, அளவுமீறிய துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகள் பலருக்கு அழுத்திக் கடிக்கும்போது தாடைத் தசைக்குக் கிடைக்கும் அழுத்தம் ஒரு நிதானத்தைத் தருகிறது. அதைத் தடுக்க வேண்டியதில்லை, பாதுகாப்பான பொருளுக்குத் திருப்பிவிட்டால் போதும். ஆனால் நேற்றுவரை கடிக்காத பிள்ளை திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் மாலையைத் தேடுவதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். 6 வயதை ஒட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். சொத்தைப் பல் இருக்கலாம். மண், சுண்ணாம்பு, ஐஸ்கட்டி என்று தின்னத் தேடினால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

இன்னொன்று, கடிக்கிற பிள்ளை வேறு, கடித்துப் பிய்த்து விழுங்குகிற பிள்ளை வேறு. உங்கள் பிள்ளை இரண்டாவது ரகம் என்றால் கடிமாலை வேண்டுமா என்பதை, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இணையத்தில் நாலு பேர் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தை நம்பி நாமாக முடிவு செய்யக் கூடாது.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 டிசம்பரில் இவ்வகை அணிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. பல் முளைக்கும் குழந்தைகளுக்காக விற்பவற்றோடு, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கென்று விற்பவற்றையும் அதில் சேர்த்தே சொன்னார்கள். ஆம்பர் என்ற கெட்டிப்பட்ட மரப்பிசினில் செய்த மணிமாலை போட்டபடி தூங்கிய 18 மாதக் குழந்தை ஒன்று அது கழுத்தை இறுக்கி இறந்துபோனது. 7 மாதக் குழந்தை ஒன்றுக்கு மரமணிக் காப்பின் மணிகள் தொண்டையில் சிக்கின, அதுவும் பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த இரண்டு சம்பவத்திலேயே மூன்று விதிகள் கிடைத்துவிடுகின்றன. கைக்குழந்தைக்கு மாலையே வேண்டாம். எந்த வயதிலும் மணி கோத்தது வேண்டாம். தூங்கும்போது கழுத்தில் எதுவும் வேண்டாம்.

எதை வாங்குவது

முதலில் ஒரு வாரம் பிள்ளை எப்படிக் கடிக்கிறான் என்று பாருங்கள். முன்பல்லால் கொறிக்கிறானா, கடைவாயில் வைத்து நசுக்குகிறானா, பல்லில் பிடித்துக்கொண்டு கையால் இழுக்கிறானா? சிலிக்கோனுக்கு நசுங்குவது பெரிய தொல்லை இல்லை, எத்தனை முறை நசுக்கினாலும் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். கிழிவதுதான் அதன் பலவீனம். ஓர் ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்துவிட்டால், பாலிதீன் கவரில் பல்லால் ஒரு கடி கடித்துவிட்டுப் பிரிப்பதுபோல அந்த இடத்திலிருந்து சரசரவென்று ஓடும். அதனால் இழுத்துக் கடிக்கும் பிள்ளையிடம் எந்த மாலையும் சீக்கிரம் போகும். கடைவாயில் வைத்து நசுக்கும் பிள்ளைக்கு அட்டை மாதிரித் தட்டையான பதக்கத்தைவிட விரல் நீளத்துக்குத் தடித்த குச்சி வடிவம் நல்லது. கடைவாய்வரை எட்டும், உதட்டை இழுக்காது.

கடினத்தில் பல தரம் உண்டு. ஆர்க் தெரபியூட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம், உதாரணமாக, மூன்று தரத்தில் விற்கிறது. சாதாரணம் மிருதுவானது, எக்ஸ்.டி. நடுத்தரம், எக்ஸ்.எக்ஸ்.டி. கடினமானது. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு, உழைக்கட்டும் என்று எடுத்த எடுப்பில் கடினமானதை வாங்குவது. நானும் ஒருமுறை அப்படி வாங்கினேன். மகன் அதை இரண்டு கடி கடித்துவிட்டு மறுபடி காலருக்கே போய்விட்டான். அலமாரியில் கிடக்கும் மாலை பத்து வருடம்கூட உழைக்கும். இதுவரை எதைக் கடித்தான் என்பதை வைத்துத் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். துணியையும் சட்டைக் கயிற்றையும் நனைக்கிறவனுக்கு மிருது போதும். பென்சில் மரத்தைப் பிளக்கிறவனுக்கும் ரிமோட் மூடியை உடைக்கிறவனுக்கும் மேல்தரம் வேண்டும்.

படத்தில் அழகாக இருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். டைனோசரின் வால், பட்டாம்பூச்சியின் மீசை, இலைக்காம்பு என்று மெலிந்த இடம் எதுவோ அதுதான் முதலில் போகும். ஒரே துண்டாக வார்த்த, எங்கும் ஒரே தடிமனான பதக்கமாகப் பாருங்கள். நிறத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, வெளிர் நிறம், அதுவும் ஒற்றை நிறம். கறுப்பிலும் பல வண்ணக் கலவையிலும் பல்தடம் கண்ணுக்குத் தெரியாது. மகனுக்குக் கருநீலம்தான் இஷ்டம், அதனால் கயிற்றைக் கருநீலத்தில் வாங்கிச் சமாதானம் செய்தோம்.

அப்புறம் கொக்கி. இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி கட்டாயம். காந்தக் கொக்கி உள்ளவையும் விற்கிறார்கள். அவை வேண்டாம். காந்தம் கழன்று வயிற்றுக்குள் இரண்டு போய்விட்டால், குடலின் இரு மடிப்புகளை நடுவில் சிக்கவைத்து ஒன்றையொன்று இழுக்கும். ஆபரேஷன்வரை கொண்டுபோய் விடக்கூடிய சமாச்சாரம் அது.

கடைசியாக, ஒன்று வாங்காதீர்கள். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் செய்ய வேண்டியது

வந்ததும் கழுத்தில் மாட்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் பதக்கத்தை வைத்து, செருப்புக்குக் கால் அளவு எடுப்பதுபோலப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். தேதியைப் போடுங்கள். ஒரு மாதம் கழித்து ஓரத்தில் ஏதோ குறைகிறதே என்று சந்தேகம் வரும்போது, அதை இந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வைத்தும் பார்த்தேன். பயனில்லை. பட்டாணி அளவுத் துண்டின் எடையை அந்தத் தராசு கண்டுகொள்ளவே இல்லை.

பிறகு கொக்கியைச் சோதியுங்கள். கதவுக் கைப்பிடியில் மாலையை மாட்டிக் கீழே இழுங்கள். 'டப்'பென்று விட வேண்டும். நீங்கள் பலம்போட்டு இழுத்தும் விடவில்லையென்றால் அந்தக் கொக்கி பேருக்குத்தான் இருக்கிறது.

தினமும் ஒரு நிமிடம்

எங்கள் வீட்டில் இரவு பல் தேய்க்கும் நேரம்தான் இதற்கு. எப்படியும் தூங்கும் முன் மாலை கழன்றாக வேண்டும், கழற்றிய கையோடு பார்த்துவிடுகிறோம்.

பதக்கத்தை மேசையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் மாலையில் நான் ஏமாந்தது அங்கேதான். மேலே ஒரு முடி ஒட்டியிருப்பதுபோல மெல்லிய கோடு இருந்தது, நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. அழுக்கு என்று விட்டுவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அந்த இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு குழி. துண்டு எங்கே போனது என்பது இன்றுவரை தெரியாது. மீதியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, அதேபோல இருந்த இன்னொரு கோட்டுக்குப் பின்பக்கமாக வளைத்தேன். கோடு மெல்லத் திறந்தது. சின்ன வாய் மாதிரி, உள்ளே பாதித் தடிமன்வரை போயிருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். நன்றாகக் கழுவித் துடையுங்கள், எச்சில் ஈரம் வெட்டை மூடிக் காட்டும். விளக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் பின்னோக்கி வளையுங்கள். ஓரங்களைக் கட்டைவிரலால் நீவிப் பாருங்கள், கண்ணைவிட விரலுக்குத்தான் சீக்கிரம் தெரியும். கயிறு நுழையும் ஓட்டையைச் சுற்றி இரண்டு முறை பாருங்கள். எங்கள் வீட்டில் போன மாலைகளில் பாதிக்கு மேல் அந்த ஓட்டையில்தான் கிழிந்தன. பிறகு இரண்டு முனையையும் பிடித்துச் சற்றே பலமாக இழுங்கள். விடுவதானால் உங்கள் கையில் விடட்டும்.

எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல் அழுந்திய பள்ளம், மங்கிப்போன பளபளப்பு, லேசான நிறமாற்றம் எல்லாம் சும்மா. வளைத்தால் எதுவும் திறக்காதவரை ஓட்டலாம். ஆனால் வளைத்தால் திறக்கும் கோடு, எந்த ஆழமாக இருந்தாலும் சரி, ஓரத்தில் பிசிறு, பிசுபிசுப்பு, கழுவியும் போகாத வாடை, தாளில் வரைந்த கோட்டுக்குள் ஒரு பள்ளம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வேலை முடிந்தது. 'இந்த வாரம் ஓடட்டும், திங்கட்கிழமை புதுசு வந்துவிடும்' என்று நினைக்கத் தோன்றும். அந்த நாலு நாளில்தான் துண்டு விழும்.

ஒட்டலாமா, ஓரத்தைக் கத்தரித்துச் சமன்செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பசை வாய்க்குள் போகக் கூடாது. கத்தரித்த ஓரம் வார்த்த ஓரம் மாதிரி வழவழப்பாக இருக்காது, அடுத்த கிழிசல் அங்கிருந்தே தொடங்கும். வேண்டாம்.

துண்டின் அளவைப் பற்றி ஒரு கணக்கு. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குவது எதுவானாலும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டையை மனதில் வைத்துக்கொண்டு மாலையைப் பாருங்கள். பிய்ந்து வரக்கூடிய எந்தத் துண்டும் அதற்குள் போய்விடும். பென்சில் முனையில் சொருகும் கடிமூடிகளில் பலவும் அப்படியே, முழுதாகவே போய்விடும். வாயில் போட்டதை விழுங்கும் பிள்ளைக்கு அவற்றை நான் வாங்கித் தர மாட்டேன்.

கயிறும் கொக்கியும் தனிக்கதை

பதக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்து கயிற்றை மறந்துவிடுவோம். ஒருமுறை நான் ஊருக்குப் போயிருந்தபோது கொக்கி தளர்ந்து, மாலை சும்மா சும்மா கழன்று விழுந்திருக்கிறது. பிள்ளை அழுதிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் பதக்கம் நல்ல முறுக்கு நைலான் கயிற்றில் தொங்குகிறது, பின்கழுத்தில் இரட்டை முடிச்சு.

"கொக்கி விட்டுப்போச்சுன்னு புள்ள தேம்பித் தேம்பி அழுவுறான்டா. அதான் அறவே அறாத மாதிரி கோத்துக் குடுத்தேன்" என்றார் அம்மா. அவருக்குப் பெருமை வேறு.

அறவே அறாத கயிறுதான் ஆபத்து. சறுக்குமரத்தில், கதவுக் கைப்பிடியில், பள்ளி வேன் சீட்டில் எங்கே சிக்கினாலும் கயிறு அறுந்தோ கொக்கி விட்டோ பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும். அம்மாவிடம் கதவுக் கைப்பிடிச் சோதனையைச் செய்து காட்டினேன். ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு அவரே கத்தரிக்கோலை எடுத்துவந்தார். இது நடந்து நாலு வருடம் ஆகிறது. இன்றைக்குக் கொக்கியை மாதா மாதம் இழுத்துப் பார்ப்பது அவர் பொறுப்பு.

கொக்கி இரண்டு விதமாகக் கெடும். தேய்ந்து தளரலாம், அல்லது எச்சிலும் சோப்பும் அடைத்து இறுகிப்போகலாம். தளர்ந்தால் நமக்கே தெரிந்துவிடும், இறுகியதைச் சோதித்தால்தான் தெரியும். கயிறு பிசிறு கட்டினாலோ, ஈரவாடை அடித்தாலோ, கழுத்தில் தடிப்பு வந்தாலோ கயிற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாலைக்கென்று விற்கும் கொக்கிக் கயிறாக இருக்கட்டும். விளையாட்டுத் திடலில், நீச்சலில், தூக்கத்தில், காரில் பெல்ட் போட்டு அசந்து தூங்கும் நேரத்தில் மாலை வேண்டாம். கடிக்காமல் முடியாது என்றால் கைக்காப்பு வகை, அல்லது சட்டையில் கிளிப் போட்டு மாட்டும் குட்டைக் கயிறு இருக்கிறது.

பள்ளிக்கு அனுப்பினால் டைரியில் மூன்று வரி எழுதி ஒட்டுங்கள். பி.டி. வகுப்பில் கழற்றவும், முடிச்சுப் போட வேண்டாம், துண்டு பிய்ந்திருந்தால் வாங்கி வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடவும். இதற்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கழுவுவது

தினமும் வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு. சிலிக்கோன் என்றால் வாரம் ஒருமுறை, கயிறையும் கொக்கியையும் கழற்றிவிட்டு, 2 அல்லது 3 நிமிடம் கொதிக்கவைக்கலாம். வேறு பிளாஸ்டிக் ரகம் என்றால் அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள், சில ரகங்கள் நெளிந்துபோகும். கம்பிநார் வேண்டாம், அது போடும் கீறலில் பல் வேலையைத் தொடங்கும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், சிலிக்கோன் எண்ணெயை உறிஞ்சும். ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு வைக்கக் கூடாது. ஒரு மாலை பல்லே படாமல் காம்பஸ் முள்ளால் போனது எங்கள் வீட்டில்.

வேலையைப் பகிர்ந்துகொடுத்தாலும் மாலை கூடுதலாக உழைக்கும். தை மாதம் பனங்கிழங்கும் கரும்பும் வரும் நாள்களில் எங்கள் மகனின் மாலை தூசி படிந்து கிடக்கும். நாரோடு மல்லுக்கட்டும் கடி வேறு எதிலும் கிடைக்காது போல. மற்ற மாதங்களில் பள்ளி விட்டு வந்ததும் முறுக்கு, கேரட், சப்பாத்திச் சுருள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பக்கத்தில் உட்காருங்கள்.

மாற்றுவது

இங்கேதான் இரண்டு வாங்கச் சொன்னதற்கான காரணம் வருகிறது. கிழிந்ததைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், புதிதும் வந்துவிட்டது. பிள்ளை வாயில் வைத்துவிட்டுத் துப்புவான். நமக்கு இரண்டும் ஒரே மாலைதான். அவனுக்கு அப்படி இல்லை. பழையதில் அவன் பல்லுக்கென்று அமைந்த பள்ளங்கள் இருக்கின்றன, நம் வீட்டுச் சோப்பு வாசம் இருக்கிறது. புதியதில் தொழிற்சாலை வாடை. இரண்டாவது மாலை வந்த அன்று எங்கள் மகன் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து, டீத்தூளுக்குள்ளிருந்து பழையதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு நான் தோற்றேன்.

அதன்பிறகு கண்டுகொண்ட வழி இது. ஒரே மாதிரி இரண்டையும் முதல் நாளிலிருந்தே மாற்றி மாற்றிக் கொடுங்கள், இன்று இது, நாளை அது. இரண்டும் ஒன்றாகப் பழகும், இரண்டும் பாதி வேகத்தில் தேயும். ஒன்றை எறியும் அன்று பழகிய இன்னொன்று கழுத்தில் இருக்கும். மூன்றாவதை அன்றே வாங்கி, இரண்டு முறை கொதிக்கவைத்து, நம் சோப்பில் கழுவி, கையால் நன்றாகப் பிசைந்து சுற்றில் சேர்த்துவிட வேண்டும். கயிறு நன்றாக இருந்தால் பழைய கயிற்றிலேயே புதிய பதக்கத்தைக் கோக்கலாம். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

பழையதைப் பிள்ளையின் கண் முன்னால் எறியாதீர்கள். நாலு துண்டாக வெட்டி, ஒரு கவரில் கட்டி, வண்டி வரும் நேரத்தில் நேரே வண்டியில் போடுங்கள். வெட்டுவது எதற்கென்றால், முழுதாகப் போட்டால் வேறு குழந்தை யாராவது எடுத்துக் கடிக்கலாம். தம்பிக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். ஒருவர் கடித்த மாலையில் எங்கே வெட்டு இருக்கிறது என்பது அடுத்தவருக்குத் தெரியாது.

ஒருவேளை துண்டு உள்ளே போய்விட்டால்

இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள், அதுதான் சிறந்த வழி. சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் திணறினால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் உடனே முதலுதவியில் இறங்க வேண்டும். 1 வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் முன்னால் குனியவைத்து இரு தோள்பட்டைக்கு நடுவே முதுகில் 5 தட்டு, பிறகு தொப்புளுக்கு மேலே 5 அழுத்தம், துண்டு வரும்வரை மாறி மாறி. நினைவு தப்பினால் கீழே கிடத்தி சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி, வாயில் மூச்சு ஊதும் முதலுதவி) தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு முதலுதவி வகுப்பில் கையால் செய்து பழகுவது நல்லது.

விழுங்கிவிட்டு நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் டாக்டரை அழைத்துக் கேட்டுவிடுங்கள். வாந்தி, வயிற்றுவலி, எச்சில் வடிதல், விழுங்கச் சிரமம், விடாத இருமல் இருந்தால் உடனே கிளம்ப வேண்டும். மீதி மாலையையும், முதல் நாள் வரைந்த தாளையும் எடுத்துப் போங்கள். எவ்வளவு பெரிய துண்டு போயிருக்கிறது என்று டாக்டர் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். காந்தம் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைதான்.

பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்

பேச்சு குறைவான பிள்ளைதானே என்று நான் இதை ரொம்ப நாள் செய்யவே இல்லை. ஒவ்வொரு இரவும் பதக்கத்தை வளைக்கும்போது அவன் விரலையும் பிடித்து ஓரத்தில் நீவவைத்தேன், வெட்டு இருந்தால் திறந்து காட்டி "வாய்" என்றேன். அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. போன மார்ச்சில் ஒருநாள் நான் சமையலறையில் இருந்தேன். மணி ஏழுகூட ஆகவில்லை, பல் தேய்க்கும் நேரமும் இல்லை. அவனாகவே மாலையைக் கழற்றி எடுத்து வந்து என் கையில் வைத்து, கட்டைவிரலால் பின்பக்கமாக வளைத்துக் காட்டினான்.

"வாய்" என்றான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது, ஓட்டைக்குப் பக்கத்தில், எள்ளளவு.